இரவல் மனக்காயம்

பயிற்சியின் முதல் நாள் காலை பதினோரு மணிக்கே சிவகணேஷ் மாட்டிக்கொண்டான். வந்திருந்த இருபத்திரண்டு பேரில் எல்லோரிடமும் ஆளுக்கொரு கஷ்டம் இருந்தது. அவனிடம் மட்டும் எடுத்துச் சொல்லும்படி ஒன்றும் இல்லை.

பாளையங்கோட்டையில் ஒரு விடுதியின் மாடி அரங்கில் ஐந்து நாள் பயிற்சி. மனக்காயம் பட்டவர்களை எப்படி மதிப்பிடுவது, எப்படிச் சிகிச்சை தருவது என்று சொல்லிக்கொடுக்க டாக்டர் ஜெர்லின் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். வெள்ளம் வந்துபோய் இரண்டு வருஷம் ஆகியும், வானம் இருட்டினால் வகுப்பில் அலறுகிற பிள்ளைகள் ஸ்ரீவைகுண்டம் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக சிவகணேஷ் வேலை பார்க்கும் அறக்கட்டளை ஒரு திட்டம் தொடங்க இருந்தது. அதில் ஆலோசகர் வேலை வேண்டுமென்றால் இந்தப் பயிற்சியின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் இல்லாதவர்களுக்குச் சித்திரையோடு ஒப்பந்தம் முடிகிறது என்று செயலாளர் திருஞானசம்பந்தம் சிரித்த முகத்தோடு சொல்லியிருந்தார். அவர் எதையும் சிரித்த முகத்தோடுதான் சொல்லுவார். அதுதான் பயம்.

"ரெண்டு ரெண்டு பேரா உக்காருங்க" என்றார் டாக்டர் ஜெர்லின். "ஒருத்தர் ஆலோசகர். இன்னொருத்தர் கஷ்டத்தோட வந்தவர். உங்க வாழ்க்கையில நிஜமா நடந்ததை எடுத்துக்கணும். பெரிய காயம் வேண்டாம், பத்துக்கு நாலு, அஞ்சு இருக்கிற மாதிரி சின்னதே போதும். ஆனா கற்பனை கூடாது. கற்பனை பண்ணிச் சொன்னா முறை வேலை செய்யுதான்னு நமக்குத் தெரியாமப் போயிரும். அப்படிச் சொல்றவங்களுக்குச் சான்றிதழ் கிடையாது. அப்புறம், இங்க பேசுறது மண்டபத்தை விட்டு வெளியே போகக் கூடாது. யாரும் யாருக்கும் புத்திமதி சொல்லக் கூடாது."

திருநெல்வேலிச் சனத்தைப் பார்த்து யாருக்கும் புத்திமதி சொல்லாதே என்றால் எப்படி? அரங்கில் பாதிப் பேருக்கு அப்போதே மூச்சு முட்டியது.

சிவகணேஷ் தன் முப்பத்தெட்டு வருஷத்தையும் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை. அப்பா தாலுகா அலுவலகத்தில் நல்ல பெயர் எடுத்தவர். அம்மா அடித்ததே இல்லை. படிப்பு, வேலை, கல்யாணம் எல்லாம் அதனதன் நேரத்தில் நடந்தன. தலைவலிகூட அவனுக்கு அளவாகத்தான் வரும். பக்கத்து நாற்காலியில் ஓய்வுபெற்ற ஏட்டையா அருமைநாயகம், சீருடையோடு தன்னை ஒரு நாய் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி விரட்டிய கதையைக் கண்ணில் நீர் மல்கச் சொல்லிக்கொண்டிருந்தார். கொடுத்துவைத்த மனிதர்!

அவனுக்கு ஜோடியாக வாய்த்தவர் விக்டோரியா. ஐம்பது வயது. கடற்கரை ஊர் ஒன்றில் மீனவக் குடும்பங்களுக்கு நடுவில் வேலை பார்க்கிறவர். காற்றுக்கு எதிராகப் பேசிப் பழகிய குரல், மெதுவாகப் பேசினாலே மூன்று வரிசைக்குக் கேட்கும்.

"சொல்லுங்க சார். ஒங்க காயம் என்ன?" என்று பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

சிவகணேஷ் வாயைத் திறந்தான். வாய் அவனைக் கேட்காமலே ஒரு வார்த்தையைச் சொன்னது.

"வெள்ளம்."

"ஆத்தாடி. எங்கன?"

"ஸ்ரீவைகுண்டத்துல. தனியா மாட்டிக்கிட்டேன். ரெண்டு நாள் மொட்டை மாடியில."

அடப்பாவி! வெள்ளத்தில் மாட்டிக்கொண்டது அவன் மனைவி விஜயஸ்ரீ. இவன் அன்றைக்குத் தென்காசியில் இருந்தான். செயலாளர் திருஞானசம்பந்தத்தின் தாயார் இறந்த பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தான். மழையில் ரோடு அறுந்து, மூன்றாம் நாள்தான் ஊர் வந்து சேர்ந்தான். விஜயஸ்ரீ முழுசாக இருந்தாள். வந்தவர் போனவரெல்லாம் ஒண்ணும் ஆகலல்லா, அது போதும் என்றார்கள். அவளும் ஆமா என்றாள். அத்தோடு அந்தச் சங்கதி முடிந்தது என்று இவன் நினைத்திருந்தான். சும்மா கிடக்கிற கஷ்டம்தானே, ஐந்து நாளைக்கு இரவல் வாங்கினால் என்ன என்று அந்த நொடியில் அவனுக்குத் தோன்றியது. வீட்டுச் சாமான்தானே.

"பத்துக்கு எத்தன போடட்டும்?" என்றார் விக்டோரியா.

"அஞ்சு."

"வெள்ளத்துக்கு அஞ்சா? கொறைச்சலா இருக்கே சார். ஏழுன்னு வைங்க."

"டாக்டரு அஞ்சுக்கு மேல வேண்டாம்னாங்கல்லா."

"சரி, ஒங்களுக்கும் வேண்டாம் எனக்கும் வேண்டாம், ஆறு" என்று எழுதிக்கொண்டார்.

அடுத்தது சிகிச்சை முறை. ஆலோசகர் விரலை இடமும் வலமும் ஆட்ட வேண்டும். வந்தவர் தலையை அசைக்காமல் கண்ணால் அதைப் பின்தொடர்ந்தபடி அந்தச் சம்பவத்தை நினைக்க வேண்டும். நடுநடுவே என்ன தெரிகிறது, என்ன கேட்கிறது என்று சொல்ல வேண்டும். விக்டோரியா வலை வீசுகிற வாகில் கையை ஆட்ட, சிவகணேஷுக்குக் கிறுகிறுத்ததுதான் மிச்சம்.

"என்ன கேக்கு சார்?"

"தண்ணி. சளசளன்னு."

விரல் நின்றது. "சளசளன்னா?" என்றார் விக்டோரியா. அவர் பிறந்ததிலிருந்து தண்ணீரைப் பார்க்கிறவர். "வாய்க்கால்லா சளசளக்கும். வெள்ளமா சளசளக்கும்? என்ன நெறத்துல இருந்திச்சு?"

"தண்ணி நெறந்தான்."

விக்டோரியா அவனை ஏற இறங்கப் பார்த்தார். நல்லவேளை, டீ வந்துவிட்டது.

அன்று சாயந்திரம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக சமையலறை வாசலில் போய் நின்றான். விஜயஸ்ரீ தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. வெள்ளத்துக்குப் பிறகு ஸ்ரீவைகுண்டம் வீட்டைப் பூட்டிவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் குடிவந்தார்கள். அதிலிருந்து அவளுக்குப் பேச்சு குறைந்துபோயிற்று. கேட்டால் பதில் வரும், அதுவும் ஒற்றை வார்த்தையில். 'சரி', 'ஆமா', 'வையுங்க'. பள்ளிக்கூடத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும் என்று இவன் முடிவு செய்திருந்தான். ஊரார் மனசையெல்லாம் படித்துச் சொல்கிற ஆலோசகர் இவன்!

"ஏ விஜயா, வெள்ளத்தன்னிக்கி தண்ணி என்ன நெறத்துல இருந்திச்சு?"

தோசைக்கரண்டி கல்லின் மேல் அப்படியே நின்றது.

"எதுக்கு?"

"பயிற்சிக்குத்தான். ஒரு விவரத்துக்கு."

தோசை கருகுகிற வாடை வந்தது. பிறகு, "பால் கூடிப்போன சாயா நெறம்" என்றாள்.

"சத்தம் எப்படி?"

"மொதல்ல சத்தமே இல்ல. கதவுக்கு அடியில பைய வந்திச்சு. நான் யாரோ வாசல் தெளிக்காங்கன்னு நெனச்சேன். டீசல் வாடை அடிச்சுது. பொறவுதான் தெருவப் பாத்தேன். தெருவே இல்ல."

சிவகணேஷ் சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து, 'சாயா. சத்தம் இல்லை. டீசல்' என்று எழுதிக்கொண்டான். ஒரே மூச்சில் அவள் இத்தனை வாக்கியம் பேசி இரண்டு வருஷம் ஆகிறது என்பது அவனுக்கு உறைக்கவில்லை. கருகின தோசையைக்கூட ருசித்துத் தின்றான்.

மறுநாள் அதை அப்படியே ஒப்பித்தபோது விக்டோரியாவின் முகம் மாறிவிட்டது. "அது நெசம் சார்" என்றார். "பெரிய தண்ணி வரும்போது சத்தம் போடாது. நேத்து ஒங்களச் சந்தேகப்பட்டுட்டேன், மன்னிச்சிருங்க." அருமைநாயகம் புத்திமதி சொல்லக் கூடாது என்பதை மறந்து, "சார்வாள், இதுக்குச் சாட்சி உண்டா? எழுதி வாங்கி வச்சுக்கிடும், பின்னால ஒதவும்" என்றார். டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

இரண்டாம் நாள் சாயந்திரம் அவன் கேட்பதற்கு முன்னாலேயே விஜயஸ்ரீ டிவியை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"இன்னைக்கி என்ன வேணும்?" என்றாள்.

பக்கத்து வீட்டு நெல்லையப்பன் சுவரேறிக் குதித்து வந்து அவளைத் தன் வீட்டு மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனது, யாருடையதோ ஒரு கேஸ் சிலிண்டர் மிதந்துவந்து இரண்டு ராத்திரியும் கீழே கதவை டங் டங்கென்று தட்டிக்கொண்டே இருந்தது, தட்டும்போதெல்லாம் நெல்லையப்பனின் மாமியார் 'யாரு, உள்ள வாங்க' என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். மாடியில் மொத்தம் பதினோரு பேர், ஒரு கோழி. இரண்டாம் நாள் கோழி ஒரு முட்டை போட்டதாம். அதை நிறைமாதக் கர்ப்பிணி இசக்கிக்குத்தான் தர வேண்டும் என்று ஒரு கட்சி, அடுப்பே இல்லாமல் முட்டையை வைத்து அவள் என்ன செய்வாள் என்று ஒரு கட்சி. விவாதம் முடிவதற்குள் கோழியே அதை மிதித்து உடைத்துவிட்டதாம். சொல்லிவிட்டு விஜயஸ்ரீ சிரித்தாள். சிவகணேஷுக்கும் சிரிப்பு வந்தது. 'கோழி, முட்டை, இசக்கி' என்று எழுதி அடிக்கோடிட்டான்.

மூன்றாம் நாள் அவன்தான் அரங்கின் நட்சத்திரம். சிலிண்டர் தட்டுகிற இடத்தில் நான்கு பேர் கைக்குட்டையை எடுத்தார்கள். டீ இடைவேளையில் அவனுக்கு முதல் டம்ளர் வந்தது. மனுஷன் எவ்வளவு தாங்கியிருக்கிறார் என்று இரண்டு பேர் அவன் காதுபடவே பேசிக்கொண்டார்கள். வெட்கமில்லாமல் அவனும் தலையைக் குனிந்து அடக்கமாக நின்றான்.

டாக்டர் ஜெர்லின் அவனைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லாப் போகுது சிவகணேஷ். ஆனா நீங்க ஓரமாவே சுத்துறீங்க. எல்லாச் சம்பவத்துக்குள்ளயும் ஒரு நிமிஷம் இருக்கும், அதுதான் மோசமான நிமிஷம். அதைத் தொடாம சிகிச்சை இல்லை. நாளைக்கு எல்லாருக்கும் முன்னால உங்க அமர்வு. அதை வச்சுத்தான் மதிப்பெண்."

வேறென்ன, நேரே வீட்டுக்கு வந்து கேட்டான்.

"விஜயா, இருந்ததுலயே மோசமான நிமிஷம் எது?"

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"நெசமாவே கேக்கியளா?"

"ஆமா. நாளைக்கி அதுதான் முக்கியம்."

"தண்ணி இல்ல" என்றாள். "ஒங்களுக்குப் போன் பண்ணேன்லா, அதுதான்."

"எப்பம்?"

"நாலரை மணிக்கு. தண்ணி வருதுன்னேன்."

சிவகணேஷின் பேனா நின்றுவிட்டது.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் போன் செய்து தண்ணி வருது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். குழாயில் வருகிறது. நாலு நாளைக்கு ஒருமுறை வரும் குடிதண்ணீர். வானம் பிளந்துகொண்டு கொட்டினாலும் அது தன் முறைப்படிதான் வரும், குடமும் குத்துப்போணியும் எடுத்து வைத்துப் பிடித்தால்தான் உண்டு. தென்காசியில் அன்று மழையால் சமையல்காரர் வரத் தாமதமாகி, பதினாறாம் நாள் பந்தி நாலரை மணிக்குத்தான் போட்டார்கள். செயலாளருக்குப் பக்கத்து இலை இவனுக்கு. இலையில் பாயசம் விழுகிற நேரத்தில் போன் அடித்தது. தண்ணி வருது என்றாள். இவன் வாயில் வடையோடு சொன்னான்: 'வந்தா பிடிச்சு வையி. பந்தியில இருக்கேன்.' சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டான். இரண்டு வருஷமாக அது அவனுக்கு ஒரு சாதாரணப் பேச்சு. கேட்டவர்களிடமெல்லாம், அன்னிக்கிச் சாயந்திரம்கூடப் பேசினேன், நல்லாத்தான் இருந்தா, குழாயில தண்ணி வருதுன்னா, பொறவுதான் வெள்ளம் வந்திருக்கு என்று சொல்லியிருக்கிறான்.

"முட்டளவு தண்ணியில நிக்கேன்" என்றாள் விஜயஸ்ரீ. "பிடிச்சு வையின்னிய. எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியல. மறுபடி கூப்பிட்டேன், டவரு போயிட்டு. போனையே பாத்துக்கிட்டு நின்னேன். தண்ணி தொடைக்கு வந்திட்டு. நெல்லையப்பன் அண்ணாச்சி சத்தம் போட்ட பொறவுதான் நகந்தேன்."

"நான் கொழாத் தண்ணின்னுல்லா..."

"தெரியும். அன்னைக்கே தெரியும். எழுதிக்கிடுங்க" என்று மடித்த சட்டையை அவன் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்து போனாள்.

பின்னாலேயே போய் இவன் என்ன செய்தான் தெரியுமா? விளக்கம் சொன்னான். அன்றைக்கு நம் தெருவுக்குத் தண்ணீர் முறை என்று சொன்னான். மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை என்றான். செயலாளர் பக்கத்தில் இருந்தார், எச்சில் கையோடு எத்தனை நேரம் பேச முடியும் என்றான். அரை மணி நேரம் பேசினான். சொல்ல வேண்டிய ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. விஜயஸ்ரீ 'சரி' என்றாள். பழைய 'சரி'.

நாலாம் நாள் அமர்வுக்கு அவன் வேறு எதையாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நெஞ்சில் அந்த ஒன்றுதான் நின்றது. சான்றிதழும் வேண்டுமே! எனவே ஆளை மட்டும் மாற்றினான்.

"எம் பொண்டாட்டி அன்னிக்கித் தென்காசிக்கு ஒரு பதினாறாம் நாளுக்குப் போயிருந்தா" என்றான். "நான் முட்டளவு தண்ணியில நின்னுக்கிட்டு போன் பண்ணேன். தண்ணி வருதுன்னேன். அவ... வந்தா பிடிச்சு வையின்னுட்டா. பந்தியில இருக்கேன்னா."

அரங்கமே வெடித்தது. இருபது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அருமைநாயகம் நாற்காலியோடு சாய்ந்தார். டாக்டர் ஜெர்லினும் குறிப்பேட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார், தோள் குலுங்கியது. சிவகணேஷ் நடுவில் உட்கார்ந்திருந்தான். வாழ்க்கையில் முதல்முறையாக அவனுக்கு எங்கோ வலித்தது.

விக்டோரியா மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதிய" என்று ஒரு சத்தம் போட்டார். ஜன்னல் அதிர்ந்தது. "எங்க ஊர்ல கடலுக்குப் போனவுக வர ரெண்டு நாழி பிந்துனாலே நாங்க சோறு எறங்காமக் கெடப்போம். என்ன பொம்பள சார் அவ? ஒரு மனுசன் தண்ணியில நிக்கான். எங்க இருக்கிய, என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்த கேக்கக் கூடாதா? சவத்து மூதி, பந்தி என்ன எந்திரிச்சா ஓடிப்போவும்?"

"விக்டோரியா, தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்றார் டாக்டர்.

"நான் தீர்ப்புச் சொல்லல டாக்டர், திட்டத்தான் செய்யுதேன். சார், இப்பம் பத்துக்கு எத்தன?"

"பத்து" என்றான் சிவகணேஷ். இந்த முறை விக்டோரியா பேரம் பேசாமல் எழுதிக்கொண்டார். அமர்வு முடிந்ததும் டாக்டர் அவன் தோளைத் தட்டி, ஐந்து நாளில் இவ்வளவு உண்மையான அமர்வைப் பார்க்கவில்லை என்றார்.

ஐந்தாம் நாள் மதியம் நிறைவு விழா. வீட்டாரையும் அழைத்து வரலாம் என்று அழைப்பு எல்லாருடைய வீட்டுப் போனுக்கும் நேராகப் போயிருந்தது. "வெயிலு கொளுத்துது, நீ வராண்டாம்" என்று காலையில் விஜயஸ்ரீயிடம் சொல்லிப் பார்த்தான். "சரி" என்றாள். மதியம் பள்ளிக்கூடம் அரை நாள் என்று பன்னிரண்டு மணிக்குச் சேலையைச் சரிசெய்துகொண்டு அரங்கு வாசலில் வந்து நின்றாள். சிறப்பு விருந்தினர் திருஞானசம்பந்தம் மேடையில் சிரித்த முகத்தோடு சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

சிவகணேஷ் ஓடிப்போய்த் தடுப்பதற்குள் விக்டோரியா முந்திவிட்டார்.

"நீங்கதானா சாரோட வீட்டுக்காரி?"

"ஆமா" என்றாள் விஜயஸ்ரீ சிரித்துக்கொண்டே.

"ஏம்மா, பாத்தா படிச்ச பிள்ளையா இருக்க. ஒரு மனுசன் முட்டளவு வெள்ளத்துல நின்னுக்கிட்டு தண்ணி வருதுன்னு போன் பண்ணா, பிடிச்சு வையின்னா சொல்லுவ? பந்தியில இருக்கேன்னா சொல்லுவ? இந்த அஞ்சு நாளும் அவரு படுத பாட்ட நீ பாக்கணும். ரெண்டு நாள் மொட்ட மாடியில கெடந்திருக்காரு!"

மெதுவாகத்தான் பேசினார். அரங்கு முழுக்கக் கேட்டது. டாக்டர் பதறிப்போய், "விக்டோரியா! இங்க பேசுனது வெளியே போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?" என்றார்.

"நான் வெளியவா சொன்னேன்? மண்டபத்துக்குள்ள வச்சுத்தான சொல்லுதேன்" என்றார் விக்டோரியா.

விஜயஸ்ரீயின் சிரிப்பு அப்படியே நின்றது. கூட்டத்துக்கு மேலாக சிவகணேஷைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குறிப்பேடு, சாயா நிறம், கோழி முட்டை, எல்லாம். ஒரே ஒரு சொல் சொன்னால் போதும், இவன் கதை கந்தல். சிவகணேஷ் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஆமாம்மா" என்றாள் விஜயஸ்ரீ விக்டோரியாவிடம். "கொழாத் தண்ணின்னு நெனச்சிட்டேன். என்ன ஏதுன்னு கேட்டிருக்கணும். கேக்காமப் போனது எந் தப்புதான்."

எல்லாரும் அவளையே பார்த்தார்கள். இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள்.

இரண்டு வருஷமாக சிவகணேஷ் அவளிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. அதை அவனுக்காக அவளே சொல்லி, அவமானத்தையும் அவளே வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்திருக்கிறாள். அவன் வேலைக்காக.

"சிவகணேஷ்" என்று மேடையிலிருந்து பெயரைக் கூப்பிட்டார்கள். கைதட்டல் மற்றவர்களுக்கு விழுந்ததைவிடப் பலமாக விழுந்தது. செயலாளர் சான்றிதழை நீட்டினார். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார். சிவகணேஷ் சான்றிதழை வாங்காமல் மைக்கைப் பிடித்தான்.

"பந்தியில இருந்தது நாந்தான்" என்றான்.

யாருக்கும் விளங்கவில்லை.

"மொட்ட மாடியில இருந்தது அவ. போன் பண்ணது அவ. பிடிச்சு வையின்னு சொன்னது நான். எனக்குச் சொந்தமா ஒரு காயமும் இல்லன்னு அவளோடத எடுத்துச் சொல்லிட்டேன். நீங்க சவத்து மூதின்னு திட்டுனது என்னையத்தான். அவ சொன்னது பொய். எனக்காகச் சொன்ன பொய்."

"அப்பம் மாடியில யாரு, பந்தியில யாரு?" என்று அருமைநாயகம் எழுந்து நின்றார். "வாக்குமூலத்த மொதல்லருந்து சொல்லும்வே."

"எந்தப் பந்தி?" என்றார் செயலாளர்.

"ஒங்க வீட்டுப் பந்திதான் சார். அம்மாவோட பதினாறாம் நாள்."

"நம்ம வீட்டுப் பந்தியா!" திருஞானசம்பந்தத்தின் முகம் மலர்ந்துபோயிற்று. "அன்னைக்கிப் பாயசம் எப்படி? பிரமாதம்லா?" பிறகுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. அப்போதும் சிரித்த முகம் மாறாமல் டாக்டரைத் திரும்பிப் பார்த்தார். டாக்டர் ஜெர்லின் அவர் கையிலிருந்த சான்றிதழை வாங்கி உறைக்குள் திரும்பப் போட்டார்.

"இதைத் தர முடியாது சிவகணேஷ்."

"தெரியும் டாக்டர்."

"அடுத்த பயிற்சி ஆடியில. வர்றதா இருந்தா முதல் நாள்லேர்ந்து வரணும். உங்க சொந்தக் காயத்தோட."

"இப்பம் ஒண்ணு இருக்கு டாக்டர்" என்றான்.

"அப்பம் சித்திரையோட முடிச்சுக்கிடுவோம் தம்பி" என்றார் செயலாளர், அதே சிரிப்போடு.

மேடையை விட்டு இறங்கியபோது கடைசி வரிசை காலியாக இருந்தது. விக்டோரியா கதவருகே கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அந்தப் பிள்ளையப் போயி என்னவெல்லாம் சொல்லிட்டேன்! மன்னிப்புக் கேட்டேன், அதுக்குள்ள எறங்கிப் போயிட்டா" என்றவர், அவனைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "ஒங்களுக்கு ஒரு புத்திமதி சொல்லணும். பயிற்சிதான் முடிஞ்சிட்டுல்லா, சொல்லலாம். வெளக்கம் சொல்லாதிய. எதுவும் வெளக்காதிய. போங்க."

விஜயஸ்ரீ கீழே வேப்பமர நிழலில் பைக் பக்கத்தில் நின்றாள். அழுத அடையாளம் இருந்தது. அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"வேலை போச்சு" என்றான்.

"கேட்டுச்சு."

"தப்பு எம் மேலதான் விஜயா." அதற்கு மேல் அவனுக்கு நூறு காரணம் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினான்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நாற்காலிகளை மடக்குகிற சத்தம் கேட்டது.

"நீங்க அன்னைக்கி வந்திருக்க முடியாது" என்றாள். "ரோடு இல்ல, பாலம் இல்ல. வந்திருந்தா நீங்களும் போயிருப்பிய. அது எனக்குத் தெரியாதா? நான் வரச் சொல்லிக் கூப்பிடல." அவன் பக்கம் திரும்பினாள். "திருப்பிச் செய்ங்க. அங்கன எல்லாரும் ரெண்டு ரெண்டு பேரா உக்காந்து செஞ்சியள்லா. இப்பம் எங்கூடச் செய்ங்க."

"என்னது?"

அவள் கையைக் காதோரம் போன் மாதிரி வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, தண்ணி வருது."

இரண்டு பேர் பைக்கை எடுக்க வந்தவர்கள் இவர்களைப் பார்த்துவிட்டு அப்படியே ஒதுங்கினார்கள். சிவகணேஷும் கையைக் காதில் வைத்தான்.

"எங்க இருக்க?"

"வீட்டுல. நடு வீட்டுல நிக்கேன்."

"எம்புட்டு வந்திருக்கு?"

"முட்டு வரைக்கும். ஏறிக்கிட்டே இருக்கு. எனக்குப் பயமா இருக்கு."

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. "என்னால வர முடியல விஜயா" என்றான். "போனை மட்டும் வச்சிராத."

"வைக்கல" என்றாள் அவள்.